மேற்கே விடியும் ஊர்

சமவெளியில் உள்ள எந்த ஊரிலும் விடியற்காலையில் உலாவப் புறப்படுகிறவன் கிழக்குத் திசையைப் பார்த்தே பொழுதின் வருகையை அறிகிறான். அங்கே ஆகாயம் முதலில் சாம்பல் நிறமும், பிறகு மஞ்சளும், பிறகு செம்மையுமாக மாறி, கடைசியில் சூரியன் பனைமரங்களுக்கு இடையே எழுந்து வருவதைக் கண்டதும், பொழுது விடிந்துவிட்டது என்று நிச்சயம் செய்துகொள்கிறான். போடிநாயக்கனூரில் அப்படியில்லை. மலைத்தொடர் மூன்று பக்கங்களையும் வளைத்து நின்று, தேனிக்குப் போகிற கிழக்குப் பக்கத்தை மாத்திரம் திறந்து வைத்திருக்கிற இந்த ஊரில், சூரியனுடைய முதல் கிரணம் தெருவில் விழுவதற்கு வெகுநேரம் முன்னதாகவே மேற்கே உள்ள சிகரங்களின் உச்சியில் விழுந்துவிடுகிறது. அந்த வெளிச்சம் பாறைகளிலும், புல்மேடுகளிலும், அவற்றின் மடிப்புகளில் ஒளிந்திருக்கும் சோலைக்காடுகளிலும், படி இறங்கும் முதியவரைப்போல நிதானமாக இறங்கி, மலையடிவாரத்து மாந்தோப்புகளையும் தென்னந்தோப்புகளையும் கடந்து ஊர் எல்லைக்கு வந்து சேரும்போது, பால்காரர் தம்முடைய வாடிக்கை வீடுகளில் பாதிக்கு மேல் முடித்திருப்பார். ஆகையால் இவ்வூரார் எழுந்து வாசலுக்கு வந்ததும் நிமிர்ந்து பார்ப்பது மேற்குத் திசையைத்தான்.

அப்படிப் பார்ப்பதற்கு வெளிச்சம் மாத்திரம் காரணமன்று. மலைமுகட்டில் மேகம் எவ்விதம் தங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து அன்றைய தினத்தின் காரியங்கள் பலவும் இங்கே நிர்ணயமாகின்றன. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பால், கேரளத்து இடுக்கி ஜில்லாவின் சரிவுகளிலேயே பெரும்பாலும் பொழிந்து தீர்ந்துவிடுகிறது. இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்வது காற்று ஒன்றுதான். அப்போது மேகம் முகட்டைத் தாண்டி இப்பக்கம் இறங்க முயல்வதும், இறங்க இறங்கக் காற்று சூடேறுவதனால் நீர்த்துளிகள் ஆவியாகி அந்தரத்திலேயே கரைந்து போவதும், மறுபடியும் புதிய மேகம் வந்து அதே இடத்தில் எட்டிப் பார்ப்பதுமாக நிகழ்கிற அந்தத் தோற்றத்தை, சாலையோரத்துக் கல் ஒன்றில் அமர்ந்து அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் எனக்குச் சலிப்புத் தட்டுவதில்லை. ஊரில் புழுதி பறக்கும், தகரக் கூரைகள் தடதடவென்று அதிரும், தென்னை மட்டைகள் முறிந்து விழும். ஆனால் ஒரு துளி விழாது. மேகம் வெளுப்பாக இருந்தால் ‘மேலே சாரல்’ என்பார்கள். முகடு தெரியாதபடி கறுத்து அடைத்துக்கொண்டிருந்தால் ‘மேலே நல்ல மழை’ என்பார்கள். இந்த இரண்டு வாக்கியங்களிலும் உள்ள ‘மேலே’ என்ற இடம் அடுத்த ராஜ்யத்தைச் சேர்ந்தது என்ற நினைப்பு, சொல்லுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஒரு கணமும் தோன்றுவதில்லை. இந்தப் பூமிக்கென்று உரிய மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கிழக்கேயிருந்து வருகிறது. அந்நாட்களில்தான் கொட்டகுடி ஆறு இரு கரையும் தொட்டு ஓடி, அணைப்பிள்ளையார் கோயிலை ஒட்டிய தடுப்பணையில் வெண்ணிற நுரையோடு விழுவதைக் காணமுடியும்.

நான் புறப்படும் வேளையில் காமராஜர் பஜாரில் கடைகள் திறந்திரா. வாசல் தெளிக்கும் ஓசையும், கோலமாவுக் கிண்ணத்தைத் தரையில் வைக்கும் ஓசையும், எங்கோ ஒரு கோயிலில் ஒலிபெருக்கியைச் சரிபார்க்கும் கரகரப்பும் தவிரத் தெருக்களில் வேறு அரவம் கிடையாது. தேநீர்க் கடைகளில் மாத்திரம் விளக்கெரியும். பலசரக்குக் கடைகளின் மூடிய கதவுகளின் எதிரே, மலைக்குப் போகவேண்டிய அரிசி மூட்டைகளும் காய்கறிக் கூடைகளும் லாரியை எதிர்பார்த்துக் கிடக்கும். இவையெல்லாம் மற்ற ஊர்களிலும் உள்ளவைதாம். அவற்றை விவரித்துக்கொண்டிருப்பது அவசியமில்லை. இந்த ஊருக்கென்று உள்ள விசேஷம் வாசனை. கிட்டங்கிகள் இருக்கும் தெருவுக்குள் நுழைந்தவுடன், பூட்டிய கதவுகளின் இடுக்குகள் வழியாக ஏலக்காயின் பரிமளம் வெளிப்பட்டு, இரவின் ஈரம் இன்னும் உலராத காற்றில் கனத்து நிற்கும். வெயில் ஏறிய பிறகு புகையும் புழுதியும் எண்ணெய்ப் பலகாரங்களின் மணமும் அதனோடு கலந்துவிடுவதால், அந்தப் பரிமளத்தைக் கலப்பில்லாமல் அனுபவிக்க விரும்புகிறவன் விடியுமுன்பே எழுந்தாக வேண்டும். இத்தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அதை உணர்வதில்லை என்று சொல்லுகிறார்கள்; வெளியூரில் சிலகாலம் இருந்துவிட்டு ரயிலிலிருந்து இறங்குகிறவர்களுக்குத்தான் அது பிரத்தியட்சமாகிறதாம்.

ரயில் என்றதும் அதைப்பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து இவ்வூருக்கு மீட்டர் கேஜ் பாதை போடப்பட்டது 1928-ஆம் ஆண்டில். மலைச்சரக்குகளை ஏற்றிக்கொண்டும், மலைக்கு வேண்டியவற்றை இறக்கிக்கொண்டும் ஓடிய அந்த ரயில், அகலப்பாதையாக மாற்றும் வேலைக்காக 2010-ஆம் ஆண்டு முடிவோடு நின்றுபோயிற்று. அதன் பிறகு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஊருக்கு ரயில் இல்லை. அக்காலத்தில் தண்டவாளம் பெயர்க்கப்பட்ட மேட்டுப்பாதை எங்களைப்போல உலாவுகிறவர்களுக்கும் ஆடு மேய்ப்பவர்களுக்கும் உரியதாகிவிட்டது. 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மறுபடியும் ரயில் வந்தபோது, நடந்து பழகிய பாதையை இழந்தேன் என்று நான் வருந்தவில்லை. ஒரு தலைமுறைக் குழந்தைகள் ரயில் சத்தத்தைக் கேட்காமலே இவ்வூரில் வளர்ந்துவிட்டார்களே என்று அதுவரையில் இருந்த மனக்குறை தீர்ந்ததில் மிகுந்த சந்தோஷமே உண்டாயிற்று.

இனி, இவ்வூர்க் காலைப் பொழுதின் பிரதான காட்சிக்கு வருகிறேன். மூணாறு செல்லும் சாலையில் ஊரைவிட்டு வெளியேறும் இடங்களிலும், பேருந்து நிற்கும் முக்குகளிலும், விடியற்காலை ஐந்து ஐந்தரை மணிக்கெல்லாம் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்பார்கள். ஆவணி பிறந்து, மலைமேல் உள்ள ஏலத்தோட்டங்களில் காயெடுப்பு மும்முரமான பிறகு இதை அநேகமாக நாள் தவறாமல் காணலாம். தலையில் துண்டு, புடவைக்கு மேல் ஆண்கள் அணியும் பழைய முழுக்கைச் சட்டை, கையில் சோற்றுத் தூக்குவாளியும், மழைக்கு மேலே போர்த்திக்கொள்ளும் பிளாஸ்டிக் தாளும் வைத்த ஒரு பை. இவ்வளவுதான் அவர்களுடைய சாதனங்கள். சிலமலை, ராசிங்காபுரம், டொம்புச்சேரி முதலிய சுற்றுக் கிராமங்களிலிருந்து புறப்படுகிறவர்கள் இன்னும் முன்னதாகவே எழுந்திருக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்களுக்குக் காலை ஆகாரமும் மத்தியான ஆகாரமும் சமைத்து மூடிவைத்துவிட்டு, குழந்தைகளை எழுப்பியும் எழுப்பாமலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அவர்களுடைய நாள் எப்போது தொடங்கிற்று என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஐந்து மணிக்கு எழுந்திருப்பதை ஒரு விரதமாக எண்ணிப் பெருமைப்படுகிற நாம், அந்நேரத்தில் அவர்கள் ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்த வேலைக்காகத் தெருவில் நிற்பதைக் காணும்போது வாயடைத்துத்தான் போகவேண்டியிருக்கிறது.

ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். “மதினி, சோத்துச்சட்டியப் புடி, நான் ஏறிக்கிறேன்” என்று ஒருத்தி சொல்ல, “ஆத்தா, இன்னும் ரெண்டு பேரு வரணும், செத்த உள்ள தள்ளி உக்காரு” என்று ஓட்டுநர் கெஞ்ச, வயதான ஓர் அம்மாளை இரண்டு இளம்பெண்கள் கைகொடுத்து ஏற்ற, அமரக்கூடியவர்களைப்போல் ஏறக்குறைய இருமடங்கு பேரைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு வண்டியும் மலையை நோக்கிப் புறப்படும். அடிவாரத்தில் உள்ள முந்தல் என்ற இடத்தைத் தாண்டிய பிறகு பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் போடிமெட்டு. அங்கே எல்லையைக் கடந்து பூப்பாறை, சாந்தம்பாறை என்று பிரிந்து போகும் சாலைகளில் அந்த வண்டிகள் தனித்தனியே மறைந்துவிடும். இந்த மலைப்பாதைகளில் ஜீப் கவிழ்ந்து உயிர்ச்சேதம் நேர்ந்ததும் உண்டு. ஒவ்வொரு முறையும் சிலநாள் பேசுகிறோம். அதிகாரிகள் வண்டிகளை நிறுத்திச் சோதிக்கிறார்கள். பிறகு கூட்டம் பழையபடியே ஏறுகிறது. விடியற்காலையில் அந்தச் சாலையில் தொழிலாளருக்கென்று போதுமான பேருந்துகள் ஓடுவது பெரிய பொருட்செலவுள்ள காரியம் அல்லவென்பது என் திடமான அபிப்பிராயம். அது நடக்கவேண்டும் என்பதை, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் சொல்லுகிறேன்.

அவர்கள் போய்ச் செய்யும் வேலை எத்தகையது என்பதை, பாயசத்தில் ஏலக்காய் மணக்கிறது என்று மகிழ்கிறவர்களில் பலர் அறிந்திருக்க நியாயமில்லை. ஏலச்செடி இஞ்சியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெருமரங்களின் நிழலில், மக்கிய சருகின் ஈரத்தில், ஆள் உயரத்துக்கு மேலாகத் தழைத்து வளரும். அவ்வளவு உயரம் வளர்ந்தும் அது காய்ப்பது உச்சியில் அன்று, தூரடியில். தூரிலிருந்து புறப்படும் சரங்கள் தரையோடு தரையாகப் படர்ந்து, அவற்றில் ஊதா வரி ஓடிய வெண்ணிறப் பூக்கள் தோன்றும். ஒவ்வொரு பூவுக்கும் ஆயுள் ஒரே ஒரு பகல்தான். அந்தப் பகலுக்குள் தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்த்தால் காய் உண்டு. மழை விடாமல் பெய்து தேனீ வெளிவராவிட்டால் பூ உதிர்ந்துவிடும். ஒரு சரத்துக் காய்கள் யாவும் ஒருமிக்க முற்றுவதுமில்லை. ஆகையால் காயெடுக்கிறவள் சரத்தை முழுவதும் உருவிவிட முடியாது. செடியடியில் குந்தியோ, இடுப்பை வளைத்தோ, இலைகளை விலக்கி, முற்றியது எது, இன்னும் ஒரு மாதம் நிற்கவேண்டியது எது என்று கண்ணால் பார்த்து, விரலால் உணர்ந்து, ஒவ்வொன்றாகக் கிள்ளவேண்டும். இளங்காயைப் பறித்தால் உலரும்போது சுருங்கிப் போகும், பழுக்கவிட்டால் வெடித்துவிடும். முப்பது நாற்பது நாளுக்கொருமுறை அதே செடிக்குத் திரும்பி வந்து, ஆடி ஆவணி தொடங்கித் தை மாசி வரையில் இதைச் செய்துகொண்டிருக்க வேண்டும். மழைக்காலமானால் தரை சறுக்கும், அட்டை கடிக்கும். இவ்வளவு பொறுமையும் நுண்ணறிவும் வேண்டிய ஒரு வேலையைச் சாதாரணக் கூலிவேலை என்று கணக்கெழுதுவதை என் மனம் ஒப்புவதில்லை.

பறித்த பச்சைக்காய் அன்றைக்கே தோட்டத்து ஸ்டோருக்குப் போய்விடும். அங்கே சூடேற்றிய அறையில் தட்டுத் தட்டாகப் பரப்பி, அதிகச் சூட்டில் கருகாமலும், குறைந்த சூட்டில் வெளுக்காமலும், ஒரு பகலும் இரவும்போலப் பக்குவமாக உலர்த்துவார்கள். பச்சை நிறம் போகாமல் உலர்த்துவதில்தான் சாமர்த்தியம் முழுவதும் இருக்கிறது. நிறம் போனால் விலையும் போயிற்று. ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோவாகிச் சாக்குக்குள் அடங்கிப் போடிக்கு இறங்குகிறது.

செடி நிற்பது அந்த ராஜ்யத்தில். சந்தையும் கிட்டங்கியும் இந்த ராஜ்யத்தில். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மொழிவழி ராஜ்யங்கள் அமைந்தபோது, தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு தாலூகாக்கள் கேரளத்தோடு சேர்க்கப்பட்டன. அதை ஒட்டி எழுந்த கிளர்ச்சியும் மனஸ்தாபமும் பழையவர்களுடைய ஞாபகத்தில் இன்னும் இருக்கின்றன. அதற்கு முன்னும் இந்த மலைமுகடு திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் சென்னை ராஜதானிக்கும் எல்லையாகத்தான் இருந்தது. ஆனால் எல்லை எந்தப் பெயரில் இருந்தாலும், போடியில் வீடும் மலைமேல் தோட்டமும் உடையவர்கள், போடியில் குடும்பமும் மலைமேல் ஜீவனமும் உடையவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வழியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஏல விவசாயிகளுடைய சங்கத்தின் பெயராலேயே இவ்வூரில் ஒரு கல்லூரி நடக்கிறது. மலையின் சம்பத்து கீழே வந்து கல்வியாகவும் மாறியிருப்பதைக் கண்டு, அந்தக் கல்லூரிக்குப் பேருந்தேறும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் மனத்துக்கு ஒரு நிறைவு ஏற்படுகிறது. அவர்களில் காயெடுக்கப் போகிறவர்களின் மக்களும் இருக்கிறார்கள் என்பது அந்த நிறைவை இரட்டிப்பாக்குகிறது.

மாசி, பங்குனியில் உலாவும்போது மலையின் முகம் வேறாக இருக்கும். புல்மேடுகள் காய்ந்து பழுப்பாகிவிடும். இலவ மரங்கள் இலையெல்லாம் உதிர்த்து, காய்களை மாத்திரம் தாங்கி நிற்கும். போடியின் இலவம்பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் பெயர்பெற்றது. பஞ்சு பிரிக்கும் இடங்களின் அருகே நடந்தால் வெண்பிசிறுகள் வந்து சட்டையில் ஒட்டும். அந்த மாதங்களில் குரங்கணிப் பக்கத்துச் சரிவுகளை நோக்கும்போது மனம் கனத்துப் போகிறது. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி அங்கே மூண்ட காட்டுத்தீயில், மலையேற வந்திருந்த இளைஞர்களும் யுவதிகளுமாக இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டுபோனார்கள். காய்ந்த புல்லும், மலைச்சரிவும், காற்றும் ஒன்றுசேர்ந்தால் தீ எவ்வளவு விரைவில் மேலேறும் என்பதை இவ்வடிவாரத்தில் வசிப்பவர்கள் அறிவார்கள். தூரத்து ஊர்களிலிருந்து வந்த அந்தக் குழந்தைகள் அறிந்திருக்கவில்லை. இரவெல்லாம் அவர்களைத் தேடியவர்களில் மலைக்கிராமத்து மக்களும் இருந்தார்கள். இன்றும் பங்குனியில் எந்தச் சரிவிலாவது புகை தென்பட்டால், சாலையில் நடப்பவர்கள் யாவரும் நின்று, அது எங்கே, எவ்வளவு பெரிது என்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார்கள்.

குரங்கணி அமைந்துள்ள அதே கொட்டகுடிப் பள்ளத்தாக்கு வேறொரு பழைய கதையையும் உடையது. மூணாற்றில் வெள்ளைக்காரர்கள் தேயிலை பயிரிட்ட காலத்தில், அந்தத் தேயிலை கீழே இறங்கிய வழி இதுதான். 1902-ஆம் ஆண்டில் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, மாடுகளைக் கட்டி இழுத்து, மலைவிளிம்பில் உள்ள டாப் ஸ்டேஷன் வரையில் தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுவந்தார்கள். 1908-ல் அதற்குப் பதிலாகச் சிறிய ரயிலே ஓடத் தொடங்கிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி பெட்டிகள் அந்தரமார்க்கமாகக் கொட்டகுடியில் இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டிகளில் போடிக்கு வந்து, தூத்துக்குடித் துறைமுகம் சென்று, கப்பலேறிச் சீமைக்குப் போயின. 1924-ஆம் ஆண்டு ஜூலை மாதத்துப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனபின் அது மீண்டும் போடப்படவேயில்லை. அக்காலத்து மாட்டுவண்டிக்காரர்களுடைய பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. ஆயினும் இரவில் வண்டிக்கடியில் லாந்தரைக் கட்டித் தொங்கவிட்டு வரிசையாக வந்த அவர்களை, நான் நடக்கும் இந்தச் சாலையில் அநேக தடவை மனக்கண்ணால் கண்டிருக்கிறேன்.

திரும்பி வரும் வழியில் வெயில் முகத்தில் அடிக்கும். கிட்டங்கிகளின் கதவுகள் திறந்து, காய் பொறுக்கும் பெண்கள் வந்து அமர்ந்திருப்பார்கள். மலையேற முடியாதவர்கள், ஏறி ஏறி முழங்கால் தேய்ந்தவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் என்று அவர்களில் பலவகையுண்டு. எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் என்று கண் வைத்த சல்லடைகளில் சலித்துப் பருமன் பிரித்த பிறகும், யந்திரம் செய்ய முடியாத பாகம் ஒன்று மிஞ்சுகிறது. வெளுத்த காய், வெடித்த காய், பூச்சி துளைத்த காய், தோலில் சொறி விழுந்த காய் ஆகியவற்றை நல்ல பச்சையிலிருந்து பிரித்தெடுக்கும் வேலை அது. சம்பாஷணை ஒருபக்கம் நடந்துகொண்டே இருக்கும். விரல்கள் தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். வெடித்த காய் மலிவாக விலைபோய்விடும். முதல்தரக் காயோ அராபிய தேசங்களில் கஹ்வா என்ற காபியோடு கலந்து விருந்தினர்க்கு உபசாரமாக அளிக்கப்படுகிறது. இப்படிப் பிரிக்கிறவர்களுடைய கண்ணைப்பற்றி எண்ணும்போது, கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப்பின் நினைவு எனக்கு வரும். பெரிய பட்டமோ ஆராய்ச்சிக்கூடமோ இல்லாமல், தம் தோட்டத்துச் செடிகளில் எது நன்றாகக் காய்க்கிறது என்று கவனித்துக் கவனித்துத் தேர்ந்தெடுத்து அவர் பெருக்கிய ஞள்ளானி என்னும் ரகம்தான், இன்று இந்த மலைகளில் பெரும்பாகத்தில் நிற்கிறது.

விலை கூறுகிற இடமும் இவ்வூரில் உண்டு. முன்பு மாதிரிக் காயைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டு ஏலம் கூறினார்கள். 2007-ஆம் ஆண்டிலிருந்து நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் மின்னணு ஏலம் நடக்கிறது. வியாபாரிகள் கணிப்பொறித் திரையின் முன்னே அமர்ந்து, தட்டில் வந்த காயை மோந்தும் உரித்தும் பார்த்துவிட்டு, ஓசையின்றி விலையை ஏற்றுகிறார்கள். மலையின் மறுபுறம் புற்றடியிலும் இத்தகைய மையம் ஒன்றிருக்கிறது. 2018-ஆம் ஆண்டில் கேரளத்தில் நேர்ந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு சரக்குக் குறைந்து, 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அங்கே ஒரு கிலோ 7,000 ரூபாய் வரையில் ஏறிற்று. பின்பு அந்த விலை நிலைக்கவில்லை. 1914-ஆம் ஆண்டளவில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் கொண்டுபோய் நட்ட ஏலம் குவாத்தமாலாவில் பல்கிப் பெருகி, இன்று உலகத்திலேயே மிகுதியாக விளையும் இடமாக அந்நாட்டை ஆக்கியிருப்பதால், அங்கே பெய்கிற மழையும் அடிக்கிற காற்றும்கூடப் போடியின் திரையில் எண்களாக வந்து நிற்கின்றன.

காலைப் பொழுதை மாத்திரம் பார்க்கிறவன் இவ்வூரைப் பாதிதான் பார்க்கிறான் என்று எனக்குத் தோன்றியபடியால், சில நாட்களாக மாலையிலும் அந்தச் சாலைப்பக்கம் போய்வருகிறேன். பொழுது சாயும் வேளையில் ஜீப்புகள் இறங்கி வருகின்றன. காலையில் ஏறியவர்களே இறங்குகிறார்கள். துணிகள் நனைந்திருக்கின்றன, விரல் நுனிகள் கறுத்திருக்கின்றன, பச்சைக்காயின் மணம் அவர்களோடு இறங்கி வருகிறது. ஆனால் பேச்சுக்கு ஒரு குறைவும் இல்லை. ஒருத்தி மற்றொருத்தியைக் கூப்பிட்டு மறுநாள் நிற்கவேண்டிய இடத்தைச் சொல்லுகிறாள், மற்றொருத்தி வண்டி நிற்குமுன்பே குதித்து மருந்துக் கடைக்கு ஓடுகிறாள். காலையில் பழகிய முகமாகையால் வயதான அம்மாள் ஒருவர் என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“என்னய்யா, காலையிலதான நடப்பீக, இப்பச் சாயங்காலமும் நடக்க ஆரம்பிச்சிட்டீகளா?” என்று கேட்டார்.

“ஆமாம் ஆத்தா, உங்களையெல்லாம் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான்” என்றேன்.

அவர் தூக்குவாளியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டு, “இன்னிக்குக் காய் என்ன விலைக்குப் போச்சு, தெரியுமாய்யா?” என்று கேட்டார். தாம் வாங்கும் கூலியில் ஒரு ரூபாய்கூட அதனால் அன்றைக்குக் கூடப்போவதில்லையென்று அறிந்திருந்தும் அவர் கேட்டது எனக்கு வியப்பாக இருந்தது. மத்தியானம் கிட்டங்கியில் கேள்விப்பட்ட விலையைச் சொன்னேன். முந்தின வாரத்தைவிடச் சற்று ஏறியிருக்கிறது என்பதையும் சொன்னேன்.

“அப்பச் சரி. தோட்டத்துக்காரங்க சுணங்க மாட்டாங்க. அடுத்த வாரமும் வேலை இருக்கும்” என்று, பக்கத்தில் நின்ற பெண்ணுக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லிவிட்டு, அவர் எதிர்க்கடைக்குப் போய்த் தக்காளியைக் கையிலெடுத்து விலை பேசத் தொடங்கினார்.